ஆமென் சொன்னதும் ஏறிய முள்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸில் இருக்கிறேன். யார் யார் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தார்கள் என்று குறித்து வைப்பது வேலை. அப்படிப்பட்ட நான் என் மாமியாரை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த கதையை மில்லில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். மில்லில் யாருக்கும் படிக்கிற பழக்கம் இல்லை.

அத்தைக்கு வ. புதுப்பட்டிப் பக்கம் ஒரு சின்னத் தென்னந்தோப்பு உண்டு. மாமா விட்டுப்போனது. தோப்புக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு நாள் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். பாதை இல்லையென்றால் தேங்காய் வெட்டி வெளியே கொண்டுவர முடியாது. பாதை கேட்டு அத்தை போட்ட கேஸ் நாலு வருடம் நடந்து, கடைசியில் அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டிய வாய்தா வந்தது. அதற்குள் முழங்கால் தேய்ந்துபோய், எங்கள் வீட்டுக்கே வந்து இருந்துகொண்டார். பஸ் படி ஏற முடியாது. அதனால் என் கார்.

என் கார் பதினாறு வருடப் பழையது. எனக்கு ஐம்பத்திரண்டு. எங்கள் இருவரில் யாருக்கு முதலில் வேலை பார்க்க வேண்டும் என்று கேட்டால் மெக்கானிக் செத்த நேரம் யோசிப்பார். தெரு குறுகல் என்பதால் காரை முக்கில் நிறுத்தியிருப்பேன். போக வேண்டிய அன்று ஓட்டிவந்து வாசலில் நிறுத்துவேன். நான் ஓட்டுவதைத் திருத்துவதற்காக மனைவி முன்சீட்டில் ஏறுவாள். பின்சீட்டு அத்தைக்கு. பையன் வெளியூரில் வேலையாக இருப்பதால் அங்கே வேறு யாரும் உட்காருவதில்லை.

எங்கள் வீட்டில் ஜெபம் செய்யாமல் வண்டி கிளம்பாது. அத்தை ஏறி, நடுவில் நகர்ந்து உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடுவார். வக்கீல் முதல் வண்டி டயர் வரை எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ஆசீர்வாதம் கேட்பார். ஆமென் சொன்ன பிறகுதான் நான் சாவியைத் திருப்ப வேண்டும். திருப்பியதும் பெட்ரோல் முள் மெதுவாக எழுந்து மேலே போய் நிற்கும்.

முக்கிலிருந்து வாசலுக்கு வரும்வரை சிவப்புக் கோட்டுப் பக்கம் படுத்துக் கிடந்த அதே முள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இது நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை நான் தனியாக மில்லுக்குப் போனால் முள் மறுபடி படுத்துவிடும். அத்தை இதை முதல் மாதமே கவனித்துவிட்டார். "பாத்தீங்களா மாப்ள, கேட்டதும் குடுத்துட்டாரு" என்பார். நான் சிரித்துக்கொள்வேன். நான் விஞ்ஞானம் தெரிந்தவன் அல்லவா? பழைய வண்டி, முள் தூங்கி எழுந்திரிக்க நேரம் ஆகும், எனக்கு ஆவது மாதிரி, என்று முடிவுகட்டியிருந்தேன். படுத்திருக்கும் முள் பொய், எழுந்த முள் மெய். இரண்டில் எனக்கு வசதியானதை நம்பினேன்.

வாய்தா அன்று காலையிலும் வாசலுக்கு வரும்போது முள் சிவப்பில் இருந்தது. போகிற வழியில் பெட்ரோல் போட வேண்டும் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அத்தை ஏறினார், ஜெபித்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, பாதியை வாய்க்குள்ளேயே. ஆமென். முள் உச்சிக்குப் போனது. பெட்ரோல் பங்கைக் கை ஆட்டாத குறையாகத் தாண்டிப் போனேன்.

மம்சாபுரம் விலக்கில் கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

முள் முழு டேங்க் காட்டியது. அதனால் பெட்ரோலை நான் சந்தேகப்படவே இல்லை. இறங்கிப் பானெட்டைத் திறந்து வைத்து உள்ளே பார்த்தேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரியாதவன் பார்க்கிற பார்வை. முக்கால் மணி நேரம் பார்த்தேன். தொட்டுப் பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் தொட்டேன். கை சுட்டதுதான் மிச்சம்.

"ஏங்க, பெட்ரோல் இருக்கா?" என்றாள் மனைவி.

"முள்ளப் பாரு. புல்லா இருக்கு."

கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர் நிறுத்தினார். பானெட் பக்கமே வரவில்லை. பின்னால் போய்க் காரை இரண்டு ஆட்டு ஆட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, டேங்க் காஞ்சு கெடக்கு. ஒரு சொட்டு ஆடலயே."

"இல்லண்ணே, முள்ளு புல்லுனு..."

"முள்ள ஊத்தியா வண்டி ஓடும்?"

கையைக் காட்டியும் இரண்டு பஸ் நிற்கவில்லை. மூன்றாவது பஸ் நின்றது. கண்டக்டரும் என் மனைவியுமாக அத்தையைத் தூக்கி ஏற்ற, நான் காரோடு நின்றுகொண்டேன். கோர்ட்டில் கேஸைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று தள்ளிவைத்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வாய்தா மூன்று வாரம் கழித்து. அன்றைக்கும் வரவில்லையென்றால் கேஸையே தள்ளிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லி அனுப்பினார்.

அத்தை என்னைத் திட்டுவார் என்று மூன்று நாள் காத்திருந்தேன். திட்டவில்லை. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தார். நாலாம் நாள் இட்லி சாப்பிடும்போது என் மனைவிதான் ஆரம்பித்தாள்.

"அடுத்த வாய்தாவுக்கு டாக்சி சொல்லிருவோம்மா."

"வேண்டாம் ஏட்டி. நான் கோர்ட்டுக்கு வரல. கேஸ வாபஸ் வாங்கிருவோம்."

நான் இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"எதுக்கு அத்தை? டாக்சி நிக்காது. அதுல முள்ளு ஒழுங்கா இருக்கும்."

"டாக்சில போனாலும் அவரு நிறுத்துவாரு மாப்ள."

"யாரு?"

அத்தை மேலே பார்த்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கு ஜெபத்துல நான் ஒண்ணு கேட்டேன். கேக்கக் கூடாதது. அந்த வேலி போட்டவன் கூண்டுல ஏறுனதும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடணும், ஒரு வார்த்த வரக் கூடாதுன்னு கேட்டுட்டேன். வேலியில கரையான் ஏறணும்னும் கேட்டேன்."

"கம்பிவேலியில கரையான் எப்படிம்மா ஏறும்?"

"அதான் அவருக்கே கோவம் வந்துட்டு. டேங்க நெறச்சுக் காட்டி, நடுவழியில நிறுத்திட்டாரு. என் வழக்கு அவருக்குப் பிடிக்கல. பாதையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவர் கோபமாகவோ அழுகையாகவோ சொல்லியிருந்தால் பேசிச் சரிக்கட்டியிருப்பேன். சட்னி கேட்கிற குரலில் சொன்னார். நாலு வருடக் கேஸ், ஒரு தோப்பு, அதற்குப் போகிற பாதை எல்லாம் என் காரின் முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தன. நிறுத்தியது ஆண்டவர் இல்லை, வண்டிக் கோளாறு என்று காட்டினால் ஒழிய அத்தை கோர்ட் படி ஏற மாட்டார். காட்ட எனக்கு இரண்டரை வாரம் இருந்தது.

என் மெக்கானிக் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் தமிழ். என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை தெலுங்கில் சொல்லிக்கொள்வார். அதற்கு அர்த்தம் நான் கேட்டதில்லை.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முள் சில நேரம் தப்பாக நிறைந்து காட்டுகிறது என்றேன். எப்போது என்று கேட்டார். மாமியார் ஜெபித்தால் என்று எப்படிச் சொல்வது? "எப்பவாச்சும்" என்றேன்.

அவர் சாவியைப் போட்டுப் பார்த்தார். முள் உள்ளதைக் காட்டியது. ஓட்டிப் பார்த்தார். சஞ்சீவி மலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தார். உள்ளதையே காட்டியது.

"நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு?"

"இப்பம் இருக்கு."

இரண்டாம் தரம் போனபோது பின்சீட்டைக் கழற்றச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். டேங்கின் வாய் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து, உள்ளே பெட்ரோலில் மிதக்கிற ப்ளோட்டை வெளியே எடுத்தார். ஒரு கம்பியின் நுனியில் சின்னக் கட்டை, அவ்வளவுதான். பெட்ரோல் ஏற ஏற அது ஏறும், அதைப் பார்த்து முள் ஏறும். அவர் கையால் அதை மெதுவாகத் தூக்கினார், என்னை முன்னால் உட்கார வைத்து முள்ளைப் பார்க்கச் சொன்னார்.

"ஏறுதா?"

"ஏறுது."

"இப்பம்?"

"எறங்குது."

"பொறவு என்ன? ப்ளோட்டு சரி, முள்ளு சரி. நடுவுல ஒயரு. ஒயரும் சரியில்லன்னா இது ஏறாது." ஒயரை டேங்கிலிருந்து பிடுங்கினார். முள் ஒரேயடியாகக் கீழே போனது. பிடுங்கிய ஒயரின் நுனியை வண்டியின் வெறும் தகரத்தில் தொட்டார். முள் உச்சிக்குப் போய்விட்டது. "பாத்துக்கிடுங்க. இந்த ஒயரு பாடியில பட்டா, டேங்க்ல பெட்ரோல் இல்லாட்டியும் புல்லு காட்டும். ஆனா எங்கயும் படலயே."

சீட்டை மாட்டினார். போல்ட் ஒன்று குறைகிறது என்று முணுமுணுத்தார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

வாய்தாவுக்கு ஐந்து நாள் இருந்தது. வீட்டுக்கு அரிசி வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டு சிப்பத்தைத் தூக்கிப் பின்சீட்டு நடுவில் போட்டார். சாவியைத் திருப்பினேன்.

முள் எழுந்து உச்சிக்குப் போனது.

அரிசி மூட்டை ஜெபம் செய்யவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இறங்கி மூட்டைகளைத் தூக்கிக் கீழே வைத்தேன். முள் இறங்கியது. ஏற்றினேன், ஏறியது. மூன்றாம் தரம் இறக்கும்போது கடைக்காரர், "அரிசி பிடிக்கலன்னா சொல்லுங்க அண்ணாச்சி, வேற தாரேன்" என்றார்.

அரிசியோடு நேராக மெக்கானிக்கிடம் போனேன். அவர் முன்சீட்டிலேயே உட்கார்ந்து சோதித்தார் என்பதும், பின்சீட்டில் பாரமே இல்லாமல் பார்த்தோம் என்பதும், கழற்றிப் போட்ட சீட்டுக்கு அடியில் கோளாறைத் தேடினால் எப்படிக் கிடைக்கும் என்பதும் அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பின் ஓரத்தை உரித்தார். அதற்குள் மடிந்து கிடந்த ஒயரில் ஒரு விரல்கடை நீளத்துக்குத் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. சரியாகச் சீட்டின் இரும்புச் சட்டம் வந்து அமர்கிற இடம். மேலே ஆள் உட்கார்ந்தால் சட்டம் ஒயரைத் தகரத்தோடு சேர்த்து நசுக்கும். தகரத்தில் பட்டால் புல்.

அவர் டேப்பை எடுத்தார். நான் கையைப் பிடித்தேன்.

"இப்பம் ஒட்டாதீங்க. எங்க அத்தை பாக்கணும்."

"ஆச்சியா? அவிய என்னத்துக்கு?"

சொன்னேன். ஜெபம், நாக்கு, கரையான் எல்லாவற்றையும். அவர் சிரிக்காமல் கேட்டது எனக்கு ஆச்சரியம். பிறகு தெலுங்கில் அந்த வார்த்தையைச் சொன்னார். சீட்டை மறுபடி மேலே வைத்தார்.

மறுநாள் மனைவியும் நானும் அத்தையை அழைத்துக்கொண்டு போனோம். ஆட்டோவில். என் கார் வீட்டில் இருந்திருந்தாலும் அதில் ஏறியிருக்க மாட்டார். ஒர்க்ஷாப்பில் கார் நின்றது. அரிசி இன்னும் அங்கேயே ஒரு ஓரமாக இருந்தது. அத்தை முதலில் அதைத்தான் பார்த்தார்.

"அரிசிய ஏன் இங்க போட்டிருக்கீங்க?"

"அதுவும் சாட்சி அத்தை."

மெக்கானிக் சாவியைப் போட்டார். முள் கீழே கிடந்தது. "ஆச்சி, பின்னால ஏறி உக்காருங்க. ஜெபம் பண்ணாதீங்க. சும்மா உக்காந்தா போதும்."

"கண்ண மூடலாமா?"

"மூடாதீங்க. முள்ளப் பாருங்க."

அத்தை ஏறி நடுவில் நகர்ந்தார். முள் எழுந்தது. உச்சிக்குப் போய் நின்றது.

"நான் வாயே தொறக்கல" என்றார் அத்தை, யாரோ குற்றம் சாட்டியதுபோல.

"எறங்குங்க."

இறங்கினார். முள் படுத்தது. அத்தைக்கு அது போதவில்லை. மெக்கானிக்கை உட்காரச் சொன்னார். ஏறியது. என்னை உட்காரச் சொன்னார். ஏறியது. மகளை உட்காரச் சொன்னார். ஏறியது. மகள் ஜெபிக்கிற ஆள்தான் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அரிசியை வைக்கச் சொன்னார். அதுவும் ஏற்றியது. கோர்ட்டில்கூட இவ்வளவு விசாரணை நடக்காது.

மெக்கானிக் சீட்டைத் தூக்கி, உரிந்த ஒயரைக் காட்டினார். "பாரம் வந்தா இது தகரத்துல படுது ஆச்சி. பட்டா பொய் சொல்லுது. கம்பெனியில ஒயர இந்தப் பக்கமா விட மாட்டாங்க. யாரோ சீட்டக் கழத்திட்டு, ஒயர அடியில விட்டு மாட்டிருக்காவ. ஒரு போல்ட்டும் போடல. அதான் சீட்டு இம்புட்டு எறங்கி நசுக்குது."

என் மனைவி என்னைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இரண்டு வருடம் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுடச்சுடப் பால்கோவா வாங்கி, பெட்டியைப் பின்சீட்டில் வைத்து ஓட்டிவந்தேன். ஒரு வேகத்தடையில் பெட்டி கவிழ்ந்து நெய்யும் பாலும் சீட்டுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் எறும்பு. இதற்கெல்லாம் மெக்கானிக் எதற்கு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சீட்டைக் கழற்றிக் கழுவி, நானே மாட்டினேன். மாட்டி முடித்தபோது கையில் ஒரு போல்ட் மிச்சம் இருந்தது. கம்பெனிக்காரன் தேவைக்கு மேல் ஒன்று போட்டிருக்கிறான் என்று எடுத்து வைத்தேன்.

மனைவி முன்கதவைத் திறந்து, டேஷ்போர்டுப் பெட்டிக்குள் கையை விட்டாள். பழைய இன்சூரன்ஸ் தாள், உடைந்த கூலிங்கிளாஸ், அடியில் போல்ட். எடுத்து மெக்கானிக் கையில் வைத்தாள்.

"அவிய பத்திரமாத்தான் வச்சிருந்தாங்க" என்றாள்.

அத்தை கம்பைத் தரையில் ஊன்றி என் எதிரில் வந்து நின்றார். "மாப்ள, இந்தச் சீட்ட மாட்டுனது யாரு?"

"நான்தான் அத்தை."

"ஒயர அடியில விட்டது?"

"நான்தான்."

"அப்பம் அன்னைக்கு விலக்குல நிறுத்துனதும் நீங்கதான்."

"ஆமா."

"அவரு இல்ல."

"இல்ல அத்தை."

"நெசமா?"

"அரிசி மேல சத்தியமா."

அத்தையின் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு தெளிச்சி வந்தது. ஒருவன் குற்றவாளி என்று தெரிந்ததில் இன்னொருவருக்கு இவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஆண்டவருக்கு விடுதலை. எனக்குத் தண்டனை, அன்று இரண்டு சிப்பத்தையும் மாடிக்குச் சுமந்தது.

"வக்கீலுக்குப் போன் போடு ஏட்டி" என்றார். "வாரேன்னு சொல்லு."

மெக்கானிக் ஒயரை வெட்டி ஒட்டி, குழாய் மாட்டி, கம்பெனி விட்டிருந்த பாதையிலேயே ஒதுக்கிக் கட்டினார். போல்ட்டை முறுக்கினார். முடித்ததும் அவரே பின்சீட்டில் ஏறி இரண்டு தரம் குதித்துக் காட்டினார். முள் அசையவில்லை.

வாய்தாவுக்கு முந்தின நாளே பெட்ரோல் போட்டுவிட்டேன். வாசலுக்குக் கொண்டுவரும்போது முள் முக்காலில் இருந்தது. அத்தை ஏறி நடுவில் நகர்ந்தார். முள் முக்காலிலேயே இருந்தது. அதை அவரும் பார்த்தார். அப்புறம் முக்காட்டை இழுத்துவிட்டார்.

"ஆண்டவரே, இந்தப் பிரயாணத்த ஆசீர்வதியும். வக்கீலுக்கு ஞாபகத்தக் குடும். மாப்ளைக்குக் கண்ணத் தெறந்து வையும்." இவ்வளவும் சத்தமாக. கொஞ்சம் நிறுத்தினார். "போன வாய்தாவுக்கு ஒமக்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தேன். ஒமக்குப் பிடிக்கலன்னு நெனச்சு வாபஸ் வாங்கிட்டேன். ஒமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு இப்பம் தெரிஞ்சுபோச்சு. அதனால அந்த வாபஸ வாபஸ் வாங்கிக்கிடுதேன். நாக்கு மட்டும் போதும், கரையான் வேண்டாம். ஆமென்."

என் மனைவி ஆமென் சொல்லவில்லை. நான் சாவியைத் திருப்பினேன்.

மம்சாபுரம் விலக்கு வரும்போது மூன்று பேரும் முள்ளைப் பார்த்தோம். ரோட்டைப் பார்க்க வேண்டியவன் நான் என்று மனைவி நினைவூட்டினாள். பத்து மணிக்குக் கோர்ட் வாசலில் இருந்தோம்.

அத்தை கூண்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் சாட்சி சொன்னார். தோப்புக்குப் போக வேறு வழி உண்டா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "பறந்து போகலாம்யா, றெக்கையில்ல" என்றார். மற்றதெல்லாம் நிலம், அளவு, எல்லைக்கல் என்று போனது. எனக்குப் புரியவில்லை. முடிந்து வெளியே வந்தபோது எங்கள் வக்கீல், அத்தை நன்றாகச் சாட்சி சொன்னதாகச் சொன்னார். பக்கத்து நிலத்துக்காரர் கூண்டில் ஏறுவது இனிமேல்தான். கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. அத்தை அந்த வாய்தாத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

திரும்பும்போது கடையில் நிறுத்திச் சூடாகப் பால்கோவா வாங்கினேன். பின்கதவைத் திறந்து பெட்டியைச் சீட்டில் வைக்கப் போனேன். அத்தை கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓட்டுங்க மாப்ள" என்றார். ராஜபாளையம் வரும்வரை இரண்டு கையையும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.